தொட்டியில் தைல மரம், குக்கரில் தைலம்

சென்ற வாரம் 420 கிராம் இலையைக் காய்ச்சி 2.6 மி.லி. தைலம் எடுத்தேன். தேக்கரண்டியில் பாதிக்குச் சற்றே மேல். அளவு சின்னதுதான். ஆனால் அந்த இலை வளர்ந்தது சிங்கப்பூரில் ஈசூன் வட்டாரத்து வீவக (அரசு அடுக்குமாடி) புளோக் ஒன்றின் பதினோராம் மாடித் தாழ்வாரத்தில், 35 லிட்டர் துணித் தொட்டியில். காய்ச்சியது எங்கள் சமையலறையில், வெயிட் தொலைந்துபோனதால் அலமாரியில் கிடந்த ஒரு பழைய குக்கரில். மரம், மண், குழாய், குடுவை என்று ஒவ்வொன்றிலும் முதலில் செய்தது சரிவராமல் மாற்ற வேண்டியிருந்தது. இதே ஆசையோடு இருப்பவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

முதலில் எந்த மரம் என்பது. தைல மரம் என்றாலே நமக்கு ஊட்டிதான் நினைவுக்கு வரும். அங்கே காடாக நிற்பது யூகலிப்டஸ் குளோபுலஸ். மலைக்காரர்கள் கற்பூர மரம் என்பார்கள். 1843 வாக்கில் நீலகிரிக்கு வந்த மரம் அது. நீலகிரித் தைலத்தில் மூக்கை அடைப்பு நீக்கித் திறக்கும் காரம் சினியோல் என்ற பொருளால் வருகிறது. குளோபுலஸ் இலைத் தைலத்தில் பெரும்பங்கு அதுதான். சிங்கப்பூரில் தலைமுறை தலைமுறையாக எல்லார் வீட்டிலும் இருக்கும் கோடாலித் தைலத்திலும் யூகலிப்டஸ் தைலம் சேர்கிறது. எனக்கும் முதலில் குளோபுலஸ் வளர்க்கத்தான் ஆசை. ஆனால் அது குளிர்ந்த ஊர் மரம். இரவிலும் 25 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காத நம் ஊரில் அதை வைத்துக்கொண்டு போராடுவதில் பொருளில்லை.

இரண்டாவது, வானவில் யூகலிப்டஸ் என்கிற டெகுளுப்டா. பட்டை உரிய உரியப் பச்சை, நீலம், ஆரஞ்சு, செந்நிறம் என்று தண்டு முழுக்க நிறம் மாறும். பிலிப்பீன்சின் மிண்டனாவோ, சுலாவெசி, நியூ கினி ஆகிய இடங்களின் ஈரக்காட்டு மரம் என்பதால் நம் தட்பவெப்பம் அதற்கு ஏற்றது. ஆனால் 60 மீட்டருக்கும் மேலே போகக்கூடிய மரம். அதன் அழகே அடிமரத்தில்தான் இருக்கிறது. தொட்டியில் வெட்டி வெட்டிக் குட்டையாக வைத்தால் அந்த நிறம் எப்படி வரும்? அதனால் அதையும் விட்டேன்.

கடைசியில் வந்து நின்றது எலுமிச்சை யூகலிப்டஸ். ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து மாநிலத்து மரம். வெப்பத்தையும் கோடை மழையையும் பழகியது. இலையைக் கசக்கினால் எலுமிச்சைத் தோலும் செரையும் (எலுமிச்சைப் புல்) சேர்ந்தாற்போல் ஒரு வாசம். அதில் சினியோல் மிகக் குறைவு. முக்கால் பங்குக்கு அருகில் சிட்ரோநெல்லால் என்ற வாசனைப் பொருள். சோப்பு, வாசனைத் திரவியத் தொழில்கள் இந்த எண்ணெயை வாங்குகின்றன. சீனா, பிரேசில், இந்தியா மூன்றிலும் இதற்காகவே தோட்டம் போட்டு வளர்க்கிறார்கள். மரமும் வீணில்லை. கனமான, உறுதியான கட்டை என்பதால் கோடாலிப் பிடி முதல் வீட்டுத் தரை வரை போகிறது.

வாங்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1848இல் இதற்கு வைத்த பெயர் யூகலிப்டஸ் சிட்ரியோடோரா. 1995இல் ஹில், ஜான்சன் என்ற இரு தாவரவியலாளர்கள் இதைக் கோரிம்பியா என்ற தனிப் பேரினத்துக்கு மாற்றினார்கள். நாற்றுப் பண்ணைகளில் சில அட்டைகளில் பழைய பெயர், சிலவற்றில் புதுப் பெயர். இரண்டும் ஒரே செடிதான். அதே பண்ணையில் ‘கொசுச் செடி’ என்று இன்னொன்றும் அதே எலுமிச்சை வாசத்தோடு நிற்கும். அது பெலர்கோனியம், மரமே இல்லை. கையால் தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். எலுமிச்சை யூகலிப்டஸின் இளஞ்செடி இலை நீள்வட்டமாக, சொரசொரப்பான மயிரோடு இருக்கும். காம்பு இலையின் ஓரத்தில் சேராமல் சற்று உள்ளே தள்ளி அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும். வயதானபின் வரும் இலைதான் நாம் படத்தில் பார்க்கும் நீண்ட, வழுவழுப்பான அரிவாள் இலை.

சுங்கை தெங்கா பக்கம் ஒரு பண்ணையில் ஒரு மீட்டர் உயரச் செடி 35 சிங்கப்பூர் வெள்ளிக்குக் கிடைத்தது. உயரமாக இருந்தால் சீக்கிரம் இலை வெட்டலாம் என்று அதையே எடுத்தேன். அது நிலைக்கவில்லை. சிறிய பையில் அதிக காலம் நின்றதால் வேர்கள் பைக்குள்ளேயே சுருண்டு சுருண்டு ஒரு வளையமாகிவிட்டிருந்தன. தொட்டி மாற்றியபின் மேலே துளிர்த்தது, கீழே பிடிப்பு வரவில்லை. விடியற்காலையில் ஒரு சுமத்ரா சூறைக்காற்று அடித்தபோது செடி வேரோடு சாய்ந்தது. எடுத்துப் பார்த்தால் வேர்க்கட்டி பண்ணைப் பையின் வடிவத்திலேயே இருந்தது, புது மண்ணுக்குள் ஒரு வேர்கூட நீளவில்லை.

அடுத்து வாங்கியது 20 செ.மீ. நாற்று, 12 வெள்ளி. பையை மெல்லக் கிழித்து, சுருண்டிருந்த இரண்டு வேர் நுனிகளைக் கத்தரித்துவிட்டு நட்டேன். தைல மரங்களுக்கு வேரைத் தொடுவது பிடிக்காது. அதனால்தான் சிறு வயதிலேயே, கடைசியாக அது இருக்கப்போகும் தொட்டியில் ஒரே தடவையாக நட்டுவிடுவது நல்லது. இந்தக் குட்டி நாற்று ஒரு வருடத்துக்குள் ஒன்றரை மீட்டரைத் தொட்டது. பண்ணைக்குப் போகிறவர்களுக்கு என் யோசனை இதுதான்: இருப்பதிலேயே சின்னதை எடுங்கள், பையின் அடியில் வேர் எட்டிப் பார்க்காததாக.

தொட்டி விஷயத்திலும் ஒரு மாற்றம். முதலில் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி. எங்கள் தாழ்வாரம் மேற்கு பார்த்தது. மதியம் இரண்டு மணியிலிருந்து வெயில் நேராக விழும். தொட்டியின் பக்கவாட்டைக் கையால் தொட முடியாது. அந்தப் பக்க வேர்கள் கருகின. துணித் தொட்டிக்கு மாறியபின் அந்தச் சிக்கல் போனது. துணியின் ஓரத்துக்கு வரும் வேர் நுனி காற்றுப்பட்டுக் காய்ந்து நின்றுவிடும், சுருளாது. 35 லிட்டர் துணித் தொட்டி 9 வெள்ளி. தாழ்வாரத்தில் வைப்பவர்கள் அளவு நாடாவோடு இருக்க வேண்டும். நடக்க 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும் என்பது தீப் பாதுகாப்பு விதி. கிளைகள் பக்கவாட்டில் நீண்டால் அதையும் கணக்கில் சேர்த்து வெட்டிவிடுகிறேன்.

மண்ணுக்கு வருவோம். கடையில் பையில் விற்கும் பூந்தொட்டி மண் இந்த மரத்துக்கு மிகவும் கொழுப்பு. நம் மழையில் ஈரம் வடியவே வடியாது. கிளறினால் புளித்த வாடை வந்தது, கீழ் இலைகள் மஞ்சளாயின. இப்போதைய கலவை: சுட்ட மண் 4 பங்கு, பெர்லைட் 2 பங்கு, தென்னை நார்த்தூள் 1 பங்கு, மக்கிய இலை உரம் 1 பங்கு. எல்லாம் சேர்த்து 24 வெள்ளி. ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் அரை நிமிடத்துக்குள் அடியில் சொட்ட வேண்டும், அதுதான் என் சோதனை. உரம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மெல்லக் கரையும் குருணை ஒரு தேக்கரண்டி. அதற்கு மேல் வேண்டாம். நிறைய உரம் போட்டபோது இலை பெரிதாக, மெத்தென்று வந்தது, ஆனால் கசக்கினால் வாசம் சப்பென்று இருந்தது.

தொட்டிக்குக் கீழே தட்டு வைக்கவில்லை. கொசுவை விரட்டும் என்று சொல்லி ஒரு செடியை வாங்கிவந்து, அதன் தட்டிலேயே ஏடிஸ் கொசுவை முட்டையிட விடுவது எவ்வளவு பெரிய அநியாயம்! இந்த ஊரில் 2020இல் மட்டும் 35,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கி வந்தது. தொட்டியை இரண்டு செங்கல் மேல் ஏற்றி, கீழே பழைய துண்டு ஒன்றை விரித்திருக்கிறேன். வடியும் கொஞ்சத் தண்ணீர் அதில் ஊறி வெயிலில் காய்ந்துவிடும்.

டிசம்பர், ஜனவரி மழைக்காலத்தில் சாரல் அடித்துக் கீழ் இலைகளில் பழுப்புப் புள்ளிகள் வந்தன. மருந்து அடிக்கவில்லை, காய்ச்சப்போகும் இலை அது. புள்ளி விழுந்த இலைகளைப் பறித்துக் குப்பையில் போட்டேன். நெருக்கமாக இருந்த உள்கிளைகளை நீக்கிக் காற்று போக வழி செய்தேன். மழை விட்டதும் சரியாகிவிட்டது.

செடி ஒன்றரை மீட்டர் ஆனதும் தரையிலிருந்து 45 செ.மீ. விட்டு மொத்தமாக வெட்டினேன். கை நடுங்கத்தான் செய்தது. ஆனால் தைல மரத்தின் பலமே அங்கேதான் இருக்கிறது. தண்டின் அடியில் மண்ணை ஒட்டி ஒரு முண்டு வீங்கியிருக்கும். காட்டுத்தீயில் மேலே எல்லாம் கருகினாலும் அந்த முண்டிலிருந்தும் தண்டிலிருந்தும் திரும்பத் துளிர்க்கும். தமிழ்நாட்டில் காகிதக் கூழுக்காகத் தைல மரத்தை வெட்டியபின் அதே அடிக்கட்டையிலிருந்து மறுபடி மறுபடி மரம் எடுப்பதும் இப்படித்தான். வெட்டிய சில வாரங்களில் ஏழெட்டுத் துளிர் வந்தன. நான்கை மட்டும் விட்டேன். புதுத் துளிரின் இலைகள் மறுபடியும் இளஞ்செடி இலைபோலச் சொரசொரப்பாக வந்தன, வாசமும் தூக்கலாக இருந்தது. ஆக, வீட்டில் இது மரமே இல்லை, இலைப் பயிர். கீரையை அறுத்து அறுத்து எடுப்பதுபோல இதையும் அறுக்க வேண்டும். உயரமாக விட்டால் நிழலும் வராது, இலையும் சேராது, காற்றில் சாய்வதுதான் மிச்சம்.

இனி காய்ச்சுவது. முதலில் இட்லிப் பானையை வைத்துச் செய்தேன். அடியில் தண்ணீர், தட்டில் இலை, நடுவில் ஒரு கண்ணாடிக் கிண்ணம். மூடியைத் தலைகீழாகக் கவிழ்த்து அதன்மேல் ஐஸ் கட்டி. நீராவி மூடியில் பட்டுக் குளிர்ந்து, நடுவில் கூடிக் கிண்ணத்தில் சொட்டும். வேலை செய்யாமல் இல்லை. வீடே மணத்தது. கிண்ணத்தில் நல்ல வாசத் தண்ணீர் சேர்ந்தது. ஆனால் தைலம் அதன்மேல் எண்ணெய்ப் படலமாகப் பரவி நின்றதே தவிர, எடுக்க முடியவில்லை. ஊசிக்குழாயால் உறிஞ்சினால் தண்ணீர்தான் வந்தது. மீதி கிண்ணத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டது. வாசத் தண்ணீர் மட்டும் போதும் என்பவர்களுக்கு இந்த முறை போதும், ஒரு காசு செலவில்லை. தைலமாக வேண்டுமென்றால் வேறு வழி தேட வேண்டும்.

வழி காட்டியவர் எங்கள் புளோக்கில் ஏசி மாட்ட வந்த ஒரு தம்பி, புதுக்கோட்டைக்காரர். தாழ்வாரத்தில் செடியைப் பார்த்துவிட்டு நின்றார். “அண்ணே, இது ஆர்.எஸ்.பதிதானே? ஆனா இலை வேற மாதிரி இருக்கே” என்றார். தைல மரத்துக்கு அவர் ஊர்ப் பக்கத்துப் பெயர் ஆர்.எஸ்.பதி. அங்கே மேடெல்லாம் அந்த மரம்தான். அங்கே நிற்பது பெரும்பாலும் டெரட்டிகார்னிஸ் வகையும் அதன் கலப்பும். அந்த மரங்கள் தண்ணீரைக் குடித்துவிட்டன, கிணறெல்லாம் இறங்கிப்போனது என்று அவர் வருத்தப்பட்டார். நியாயமான வருத்தம். நான் காய்ச்சும் விஷயத்தைச் சொன்னதும், வேலையில் மிஞ்சிய இரண்டு நூல் செம்புக் குழாய் ஒரு துண்டைக் கொடுத்தார். “உள்ள நல்லா கழுவிடுங்கண்ணே, சில நேரம் ஆயில் இருக்கும்” என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு நூல் என்றால் கால் அங்குலம், 6.35 மி.மீ. அதைக் குக்கரில் மாட்டியபோது குழாய் குறுகல் என்று தெரிந்தது. நீராவி வெளியேற வழி போதாமல் குக்கருக்குள் அழுத்தம் ஏறியது, கேஸ்கட் ஓரத்தில் உஸ்ஸென்றது. உடனே அடுப்பை அணைத்தேன். தைலம் காய்ச்ச அழுத்தமே தேவையில்லை. நீராவி தடையில்லாமல் போய்க்கொண்டிருந்தால் போதும். ஜாலான் புசாரில் ஒரு ஹார்டுவேர் கடையில் மூன்று நூல் குழாய், அதாவது 9.5 மி.மீ., மூன்று மீட்டர் 21 வெள்ளிக்கு வாங்கினேன். அதோடு அந்தத் தொல்லை தீர்ந்தது.

குழாயைச் சுருளாக வளைப்பது இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வெறும் குழாயை வளைத்தால் மடிந்து அடைத்துக்கொள்ளும். ஒரு முனையை டேப்பால் அடைத்து, உள்ளே நைஸ் உப்பைத் தட்டித் தட்டி நிரப்பி, மறுமுனையையும் அடைத்தேன். மணல் போடுவார்கள். உப்பு என்றால் பிறகு தண்ணீர் விட்டுக் கரைத்துக் கழுவிவிடலாம், உள்ளே ஒரு மணிகூட மிஞ்சாது. 12 செ.மீ. விட்டமுள்ள மைலோ டின்னைச் சுற்றிக் கையாலேயே வளைத்தேன். ஏசிக் குழாய் மிருதுவானது, கருவி தேவைப்படவில்லை. ஆறு சுற்று வந்தது, இரண்டு முனையிலும் நேராக ஒரு சாண் மிச்சம். வெந்நீரில் கழுவி, வெறும் தண்ணீரை ஒருமுறை காய்ச்சி நீராவி ஓடவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிய பிறகுதான் இலையைப் போட்டேன்.

சுருள் உட்கார்வது 10 லிட்டர் வாளியில், 5 வெள்ளி. வாளியின் அடிப்பக்கத்தில் துளை போட்டுக் குழாய் முனையை வெளியே எடுத்து, சுற்றிலும் சிலிக்கான் பசை பூசி ஒரு நாள் காயவிட்டேன். குழாய் மேலிருந்து கீழாக ஒரே சரிவாக இறங்க வேண்டும். ஓர் இடத்தில் மேடு வந்தாலும் தண்ணீர் தேங்கி, விட்டுவிட்டுத் துப்பும். குக்கரின் வெயிட் உட்காரும் குழலுக்கும் செம்புக்கும் நடுவே ஒரு விரல் நீளம் சிலிக்கான் குழாய், 4 வெள்ளி. அது எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. தைலம் அதில் ஊறிப்போகும். சாதாரண பிளாஸ்டிக் குழாய் கூடவே கூடாது, தைலம் அதைக் கரைத்து இளக்கிவிடும்.

காய்ச்சும் முறை இப்போது இப்படி. முந்தின நாள் மாலை இலையை வெட்டி, காம்பு நீக்கி, நிழலில் விரித்து ஓர் இரவு வாடவிடுகிறேன். காலையில் கத்தரியால் விரல் அகலத் துண்டுகளாக நறுக்கி உடனே குக்கரில் போட வேண்டும். நறுக்கி வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனால் வாசம் காற்றோடு போய்விடும். ஐந்து லிட்டர் குக்கரில் 1.2 லிட்டர் தண்ணீர். தண்ணீர் மட்டத்துக்கு மேலே நிற்கும்படி இட்லித் தட்டு, அதன்மேல் இலை. கழுத்துவரை திணிக்கக் கூடாது. மூடியின் துளையை இலைத் துண்டு அடைத்தால் ஆபத்து. மேலே நான்கு விரல் இடம் விட்டு, ஒரு துருப்பிடிக்காத சல்லடையையும் கவிழ்த்து வைக்கிறேன். சேஃப்டி வால்வு இருந்தபடி இருக்க வேண்டும். குழாயின் வெளி முனை எதிலும் முங்கவும் கூடாது, அடைபடவும் கூடாது. தைல ஆவி தீப்பிடிக்கும் என்பதால் கேஸ் அடுப்பு வேண்டாம் என்று இன்டக்ஷன் அடுப்பில் செய்கிறேன். சன்னல் திறந்தே இருக்கும், முடியும்வரை பக்கத்தை விட்டு நகர்வதில்லை.

ஆவி வரும்வரை 1200 வாட், வந்ததும் 600. நிமிடத்துக்குச் சுமார் 10 மி.லி. சொட்டினால் நிதானமான வேகம். நம் குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பானது, அதனால் வாளியில் 7 லிட்டர் தண்ணீரோடு மாமாக் கடையில் வாங்கிய ஐஸ் ஒரு பை, 3 வெள்ளி. வெளியே வரும் சொட்டு கைக்குச் சூடாகத் தெரிந்தால் ஐஸ் போதவில்லை என்று பொருள். அதோடு வாசமும் ஆவியாகப் போய்க்கொண்டிருக்கிறது. சமையல் தெர்மாமீட்டரில் 35 டிகிரிக்குக் கீழே வைத்துக்கொள்கிறேன். மேலே சூடாகும் தண்ணீரை ஒரு குழாய் வைத்து உறிஞ்சி வெளியேற்றிவிட்டுக் குளிர்நீர் சேர்த்தால் போதும். தைலத்தில் பெரும்பகுதி முதல் அரை மணியிலேயே வந்துவிடுகிறது. 50 நிமிடத்தில் நிறுத்துகிறேன், ஏறக்குறைய அரை லிட்டர் சேர்ந்திருக்கும். அப்போதும் குக்கரில் தண்ணீர் மிச்சம் இருக்க வேண்டும்.

எல்லாம் சரியாக வந்தும் கையில் தைலம் சேர்ந்தது கடைசி மாற்றத்துக்குப் பிறகுதான். அகலமான ஜாடியில் பிடித்தபோது இட்லிப் பானையில் நடந்ததே திரும்ப நடந்தது: மெல்லிய படலம், உறிஞ்ச முடியாத எண்ணெய். அப்புறம் பள்ளி ஆய்வகங்களில் பார்த்த அளவுக் குடுவை நினைவுக்கு வந்தது. அடியில் குடமாக, மேலே விரல் தடிமன் கழுத்தாக இருக்குமே, அது. 250 மி.லி. குடுவை 16 வெள்ளி. சொட்டுகள் விழ விழத் தண்ணீர் அடியில் தங்கும், தண்ணீரைவிட இலேசான தைலம் மேலே ஏறும். கழுத்துக்குள் வந்ததும் அதே படலம் கண்ணால் அளக்கக்கூடிய பொன்மஞ்சள் தூணாக நின்றது! தண்ணீர் கழுத்தை எட்டும்போது நீண்ட ஊசி மாட்டிய குழலை அடிவரை இறக்கி, கீழிருந்து தண்ணீரை மட்டும் உறிஞ்சி எடுக்கிறேன். தைலம் குடுவையிலேயே நிற்கும். கடைசியில் கழுத்தளவுக்கு நிரப்பி, தைலத்தை மட்டும் சின்ன ஊசிக்குழாயால் எடுத்து, கருநிறக் கண்ணாடிப் புட்டியில் அடைக்கிறேன். நல்ல குக்கர், நல்ல குழாய் எல்லாம் இருந்தும் பிடிக்கும் பாத்திரத்தின் வாய் அகலமாக இருந்தால் உழைப்பு அத்தனையும் சுவரில் ஒட்டிப்போகும். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் வேறு எதில் குறைத்தாலும் இந்தக் குடுவையில் குறைக்க வேண்டாம்.

420 கிராமுக்கு 2.6 மி.லி. என்றால் எடையில் அரை சதவீதத்துக்குச் சற்றே மேல். பச்சை இலையில் அரை முதல் இரண்டு சதவீதம்வரை வரக்கூடிய மரம் என்பதால், நான் கீழ்ப்படியில் நிற்கிறேன். குழாயில் ஒட்டியதும், வாசத் தண்ணீரில் கரைந்ததும் போக மிச்சம் இது. இப்போது அந்தத் தண்ணீரில் பாதியை அடுத்த முறை குக்கருக்குள்ளேயே ஊற்றுகிறேன். அதில் கரைந்திருக்கும் வாசமும் திரும்ப வரும்.

தைலத்தை என்ன செய்கிறேன்? மீதி வாசத் தண்ணீர் தரை துடைக்க. காலணி அலமாரியில் பஞ்சில் நான்கு சொட்டு. ஜாம் பாட்டிலில் பிடிவாதமாக ஒட்டியிருக்கும் லேபிள் பசையில் இரண்டு சொட்டுத் தடவிப் பத்து நிமிடம் விட்டால் துணியால் துடைத்து எடுத்துவிடலாம். பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) முகர்ந்து பார்த்துவிட்டு, தன் வீட்டுக் காயு பூத்தே எண்ணெய்ப் புட்டியைக் கொண்டுவந்து காட்டினார். அது கெலாம் மரத்தின் தைலம், தைல மரத்தோடு ஒரே குடும்பம். இங்குள்ள கம்போங் கிளாம் வட்டாரத்துக்குப் பெயர் தந்ததும் அந்த மரம்தான். அவர் குளிர் காய்ச்சலுக்கு நெஞ்சில் தடவுவது அது. என் தைலம் அந்த வேலைக்கு ஆகாது என்று சொல்லிவிட்டேன். ஆவி பிடிக்கவும் இது சரியில்லை, அதற்குச் சினியோல் உள்ள தைலமே வேண்டும்.

கொசு பற்றித் தெளிவாகச் சொல்ல வேண்டும். தேங்காய் எண்ணெய் 100 மி.லி.க்கு 1 மி.லி. கலந்து காலில் தடவிப் பார்த்தேன். அரை மணிக்குப் பிறகு அதை நம்ப முடியவில்லை. ‘எலுமிச்சை யூகலிப்டஸ்’ என்று எழுதிய கொசுவிரட்டிகள் பல மணி நேரம் வேலை செய்வதற்குக் காரணம் பி.எம்.டி. என்ற பொருள். சிட்ரோநெல்லாலை அமிலத்தோடு சேர்த்து மாற்றித் தயாரிப்பது அது. வீட்டில் காய்ச்சிய தைலத்தில் அந்த அளவு இருக்காது. டெங்கி ஊரில் இதை மட்டும் தடவிக்கொண்டு பிள்ளையை விளையாட அனுப்பாதீர்கள். பதிவு பெற்ற கொசுவிரட்டியையே தடவுங்கள், அதிலும் பி.எம்.டி. உள்ளவை மூன்று வயதுக்குக் கீழே வேண்டாம். தைலப் புட்டி குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். உள்ளே போனால் விஷம். காய்ச்சிய குக்கரும் இட்லித் தட்டும் இனி சமையலுக்குத் திரும்பக் கூடாது, கேஸ்கட்டில் ஏறிய வாசம் எத்தனை முறை கழுவினாலும் போவதில்லை.

செலவு: நாற்று 12, துணித் தொட்டி 9, மண் 24, செம்பு 21, சிலிக்கான் குழாய் 4, வாளி 5, குடுவை 16. மொத்தம் 91 வெள்ளி. சாய்ந்துபோன முதல் செடியையும் சேர்த்தால் 126. கடையில் சின்னப் புட்டியே வாங்கிவிடலாம்தான், ஆனால் வெட்ட வெட்டத் துளிர்க்கும் ஒரு மரம் வாசலில் நிற்பது எனக்கு அந்தக் கணக்குக்குள் அடங்காத சந்தோஷம்.

அடுத்து மாற்றப்போவது மூன்று. இன்னொரு நாற்று வாங்கி இரண்டையும் மாற்றி மாற்றி வெட்டப்போகிறேன். ஒரே மரத்தை அடிக்கடி வெட்டினால் துளிர் மெலிகிறது. வெட்டும் நாளை மழை விட்ட நாலைந்து நாளுக்குத் தள்ளப்போகிறேன். அடைமழைக்கு நடுவே வெட்டிய இலையில் தைலம் குறைவாகவே வந்தது. வாளியின் சிலிக்கான் பசை ஏற்கெனவே ஓரத்தில் பெயர ஆரம்பித்திருக்கிறது. அங்கே ரப்பர் வளையம் வைத்த பித்தளை நிப்பிள் ஒன்று மாட்ட வேண்டும். ஹார்டுவேர் கடைக்காரரிடம் அளவு சொல்லி வைத்திருக்கிறேன், மூன்று நூல்.